பதினொன்றாவது பொருள்

நெப்ராஸ்காவுக்குக் கிழக்கே அயோவா.
கையில் கறுப்புப் பட்டி கட்டி வந்த பிள்ளைகளிடம்
உச்ச நீதிமன்றம் ஒருமுறை
சரி என்றது.
தென்கிழக்கு மூலையில் மிசூரி.
மாணவர் பத்திரிகையில் இரண்டு பக்கத்தை உருவிய
தலைமையாசிரியரிடமும்
பிற்பாடு அதே நீதிமன்றம்
சரி என்றது.
இரண்டு சரிகளுக்கும் பக்கத்தில்
மக்காச்சோளம், இறைச்சி ஆலை, எங்கள் பள்ளிக்கூடம்.

பெனிதா சோலோர்சானோ எழுதியது
ஆயிரத்து நூறு சொல்.
தலைப்பு: முதல் பீரியடில் தூங்குவது யார்?
ராத்திரி பதினொன்றுக்கு மேல்
ஆலையில் ரம்பங்களைக் கழுவுகிற கைகளில் எத்தனை
காலையில் என் வகுப்பில் பென்சில் பிடிக்கின்றன
என்று எண்ணியிருந்தாள்.
எண்ணிக்கையில் தன்னையும் சேர்த்திருந்தாள்.
நான் இரண்டு காற்புள்ளிகளை எடுத்தேன்.
வேறொன்றும் எடுக்கவில்லை.
அதுவரைக்கும் நானும் நல்லவள்தான்.

திரு. ஹாவ்லிசெக் கெட்ட மனிதர் இல்லை.
பனி பெய்த காலைகளில்
படிக்கட்டுக்குத் தானே உப்புத் தூவுகிறவர்.
"இது பத்திரிகை இல்லை டீச்சர், பாடம்.
மதிப்பெண் போடுகிறோமே" என்றார்.
அவர் முதுகுக்குப் பின்னால் ஜன்னல்
ஜன்னலுக்குப் பின்னால் மைதானம்
மைதானத்தில் புது ஸ்கோர்போர்டு
அதன் நெற்றியில் ஆலையின் பெயர்.
அதை எழுத்துக் கூட்டிப் படித்தபடியே
தலையாட்டிவிட்டேன்.
ஏப்ரலில் என் ஒப்பந்தம் புதுப்பிக்க வரும்.

ஐந்தாம் பக்கத்தில்
பூசணி ரொட்டி செய்முறை வந்தது.
செய்து பார்த்தவர்கள் நன்றாக இருந்தது என்றார்கள்.

பெனிதா அழவில்லை. விதிகளைப் படித்தாள்.
மாதம் ஒரு திங்கட்கிழமை, பள்ளி வாரியக் கூட்டம்.
பொதுமக்கள் யாரும்
மூன்று நிமிடம் பேசலாம்.
பகலில் பாடமாக இருந்த வாக்கியம்
இரவில் குடிமகளின் பேச்சு.
அதே நூலகம், அதே நாற்காலிகள்,
மணி மட்டும் வேறு.

ஆயிரத்து நூறு சொல் மூன்று நிமிடத்தில் அடங்காது.
மூன்று பங்கு வைத்தாள்.
முதல் பங்கு அவளுக்கு.
அடுத்தது, கணக்குப் பாடத்தில் குறட்டை விட்டு
வெளியே நிறுத்தப்பட்ட எவெல்யோவுக்கு.
மூன்றாவது தாளை நீட்டிக்கொண்டு
என்னைப் பார்த்தாள்.
நான் என் பூட்ஸில் ஒட்டியிருந்த பனியைப் பார்த்தேன்.
அது உருகுவதற்கு
நிறைய நேரம் எடுத்தது.

பத்தாவது பொருள், மைதானப் புல்.
உள்ளூர் விதையா வெளியூர் விதையா என்று
நாற்பது நிமிடம்.
பதினொன்றாவது வந்தபோது மணி பத்து இருபது.
இருவரும் வேலைக்குப் போகும் ரப்பர் பூட்ஸிலேயே வந்து
படித்தார்கள்.
எவெல்யோ 'அமோனியா' என்ற இடத்தில் திக்கி
மறுபடி சொன்னான், இன்னும் சத்தமாக.
யாரும் கைதட்டவில்லை. யாரும் தடுக்கவுமில்லை.
மூன்றாவது தாளைப் பெனிதா
வாரியத்தின் எழுத்தர் லவோன் பிட்ரிக்கின் மேஜையில் வைத்து
"இதையும் பதிவில் சேருங்கள்" என்றாள்.
பத்து நாற்பதுக்கு வேன் வந்து ஹாரன் அடித்தது.

நடவடிக்கைக் குறிப்பில்
பொதுமக்கள் பேச்சு ஒரே வரிதான், எப்போதும்:
இன்னார் இன்னதைப் பற்றிப் பேசினார்.
லவோன் அன்றைக்கு ஒரு வரியில் நிறுத்தவில்லை.
மூன்று பங்கையும் தட்டச்சு செய்திருந்தாள்
நான் எடுத்த இரண்டு காற்புள்ளிகளோடு.
ஏன் என்று கேட்டதற்கு
விரல் சூடாகிவிட்டது என்றாளாம்.
பள்ளியின் தாள், பள்ளியின் மை,
பள்ளியின் முத்திரை.
கீழே சரிபார்த்து ஒப்பமிட்டவர்களில்
ஹாவ்லிசெக்கும் ஒருவர்.

மறுநாள் முதல் பீரியட்.
பெயர் கூப்பிட்டேன்.
பெனிதாவின் கன்னம் மேஜையில்,
விரலிடுக்கில் வெள்ளையாய்க் காய்ந்த சோப்பு.
பதில் இல்லை.
பதிவேட்டில் அவள் பெயருக்கு நேரே
வந்திருக்கிறாள் என்று எழுதினேன்.
அடுத்த வரியில் என் கையெழுத்து போட வேண்டும்.
பேனாவைக் கொஞ்ச நேரம்
கையிலேயே வைத்திருந்தேன்.